மீந்த நூலில் ஒரு மோதிரம்

கனசாவா நகரின் ஹிகாஷி சாயா தெருவில் ஐஸ்கிரீமுக்கும் பொன்னாடை போர்த்துகிறார்கள். கூம்பு பிஸ்கட்டின் மேல் வெள்ளையாக எழும்பி நிற்கும் ஐஸ்கிரீமின் மீது கடைக்காரர் ஒரு தங்க இலையை அப்படியே ஒட்டிவிடுகிறார். வாங்கியவர் முதலில் படம் எடுக்கிறார், பிறகு உதட்டில் தங்கம் ஒட்டிக்கொள்ளத் தின்கிறார். தங்கத்துக்கென்று தனிச் சுவை எதுவும் கிடையாது. ஜப்பானில் உற்பத்தியாகும் தங்க இலையில் ஏறக்குறைய 99 விழுக்காடு இந்த ஒரே ஊரிலிருந்து போகிறது. மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு கனத்துக்கு அடித்து மெலிதாக்கிய தங்கம் அது. வீட்டுப் பூஜை மாடம், அரக்குப் பெட்டி, முகப்பூச்சு, இனிப்பு என்று எதன் மேலும் அதைப் பார்க்கலாம்.

இந்தத் தங்கச் சரக்கைத் தாண்டி, ஊரின் கைவினைக் கடைகளில் கொஞ்சம் நிதானமாகத் தேடினால் சில இடங்களில் வேறொன்று கண்ணில் படும். விரலில் ஏறும் அளவில் சின்ன வளையங்கள். அகலம் ஒரு சென்டிமீட்டரைச் சுற்றி. மேலே பட்டு நூல், இடைவெளி தெரியாமல் நெருக்கி ஓட்டியது. நீலத்திலிருந்து வெள்ளைக்கு மங்கிக்கொண்டே போகும் மீன்செதில்கள், அம்பின் இறகுகள், கடல் அலைகள். வளையத்தை விளக்கடியில் மெல்லத் திருப்பினால், நூலின் சாய்வு மாறுகிற இடத்தில் பளபளப்பும் மாறுகிறது. ஒரே நிற நூலில் செய்த வளையம்கூட அப்போது இரு நிறமாகத் தெரியும்.

மோதிரம் என்று நினைத்துத்தான் பலரும் எடுக்கிறார்கள். மோதிரமாகவே போட்டுக்கொள்கிறார்கள். ஆனால் இது பிறந்தது அலங்காரத்துக்காக அல்ல. இதன் பெயர் யுபினுகி. ஊசியைத் தள்ளும்போது விரல் புண்ணாகாமல் இருக்கத் தையல்காரர்கள் மாட்டிக்கொள்ளும் அங்குஸ்தான் இது. இந்தப் பகுதியின் பழைய பெயரையும் சேர்த்து ககா யுபினுகி என்பார்கள்.

கனசாவாவின் கைத்தொழில் வரலாறு பெரும்பாலும் கோட்டைக்குள் எழுதப்பட்டது. 1583இல் மயேதா தொஷியியே இந்தக் கோட்டைக்கு வந்து சேர்ந்தார். அவர் வம்சம் மெய்ஜி காலத்தில் பிரபுக்களின் ஆட்சி முடியும்வரை இங்கே ஆண்டது. பத்து லட்சம் கொக்கு அரிசி மதிப்புள்ள நாடு. ஒரு கொக்கு என்பது ஓர் ஆளின் ஓராண்டுச் சாப்பாடு என்பது அந்தக் காலக் கணக்கு. நாட்டை ஆண்ட ஷோகன் குடும்பத்தைத் தவிர்த்தால் இவ்வளவு பெரிய வருமானம் வேறு எந்தப் பிரபுவுக்கும் இருந்ததில்லை. அதைக் கொண்டு படை திரட்டினால் எடோவில், அதாவது இன்றைய டோக்கியோவில், இருக்கும் ஷோகனுக்குச் சந்தேகம் வரும். அதனால் மயேதாக்கள் தேநீர்ச் சடங்கிலும் நோ நாடகத்திலும் அரக்கு வேலையிலும் பணத்தைக் கொட்டினார்கள். கோட்டைக்குள் ஆயுதங்களைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்த பட்டறை நாளடைவில் கலைப்பொருள் செய்யும் பட்டறையாகவே மாறிப்போனது. ஐந்தாம் பிரபு சுனனோரி கைவினை மாதிரிகளைத் தேடித் தேடிச் சேர்த்து, வகைபிரித்து அடுக்கி வைத்தார். தோல், காகிதம், துணி தொடங்கிக் கதவுப் பிடி, ஆணியின் தலையை மறைக்கும் உலோகப் பூ வரை அந்தத் தொகுப்பில் உண்டு. ஆணித்தலை மறைப்பையெல்லாம் ஒரு பிரபு சேகரித்தார் என்றால் அவருடைய ஆர்வம் எந்த அளவுக்குப் போயிருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

யுபினுகிக்கு இந்த அரண்மனைப் பரம்பரை கிடையாது. கிமோனோ தைக்கும் பெண்கள், தைத்து மீந்த பட்டு நூலைச் சேர்த்து வைத்து, வேலை இல்லாத நேரத்தில் தங்களுக்காகவே செய்துகொண்டது என்பதுதான் ஊரில் வழங்கும் கதை. ஆண்டான் கேட்டதில்லை, வாடிக்கையாளர் பார்த்ததில்லை. இந்த ஊரின் பகட்டான சரக்குகளுக்கு நடுவே, வேலை செய்தவள் தன் விரலுக்கென்று செய்துகொண்ட பொருள் என்பதே இதன் தனிச்சிறப்பு. கனசாவா இருக்கும் இஷிகாவா மாநிலத்தில் நாட்டரசு மரபுக் கைவினையாக அங்கீகரித்தவை பத்து. ககா யூசென் துணி, ககா பூவேலை, குதானி பீங்கான், வாஜிமா அரக்கு, கனசாவா தங்க இலை எல்லாம் அதில் இடம்பெற்றிருக்கின்றன. யுபினுகிக்கு அதில் இடமில்லை.

இந்த வளையம் ஏன் மூடி போட்ட தொப்பியாக இல்லாமல் இருபுறமும் திறந்த வளையமாக இருக்கிறது என்பது ஜப்பானியத் தையலைப் பார்த்தால்தான் விளங்கும். மேல்நாட்டு அங்குஸ்தான் விரல் நுனியை மூடும். ஊசியின் பின்புறத்தை நுனியால் குத்தித் தள்ள வேண்டும். கிமோனோ தைப்பவர் வளையத்தை நடுவிரலின் முதல் கணுவுக்கும் இரண்டாம் கணுவுக்கும் இடையில் மாட்டுகிறார். ஊசியின் காதுப் பக்கம் அந்த வளையத்தில் ஊன்றி நிற்கும். கட்டைவிரலும் சுட்டுவிரலும் ஊசி முனைக்கு அருகே துணியைப் பிடித்துக்கொள்ளும். பிறகு ஊசியை யாரும் இழுப்பதில்லை. நடுவிரல் பின்னாலிருந்து அழுத்திக்கொண்டே இருக்க, இரு கைகளும் துணியை மேலும் கீழுமாக அசைக்கின்றன. துணி ஊசியில் மடிப்பு மடிப்பாக ஏறிக்கொண்டே போகும். சட்டென்று நீவிவிட்டால் ஒரு முழம் ஓட்டுத்தையல் ஒரே சீராக விழுந்திருக்கும்.

கிமோனோவில் பெரும்பாலும் நேர்க்கோட்டுத் தையல்தான். முப்பத்தைந்து, நாற்பது சென்டிமீட்டர் அகலத்தில் பன்னிரண்டு மீட்டர் அளவுக்கு நீளும் துணியை நேராக வெட்டி, நேராகத் தைத்துச் சேர்க்கிறார்கள். முறையாகத் துவைக்க வேண்டுமென்றால் தையலைப் பிரித்து, துண்டுகளை நீளவாக்கில் சேர்த்துத் துவைத்து, கஞ்சி போட்டு விறைப்பாக்கி, திரும்பவும் தைக்க வேண்டும். ஒரு குடும்பத்தின் துணிமணிக்கு இப்படி எத்தனை ஆயிரம் தடவை ஊசி ஏறி இறங்கும் என்று பார்த்தால், அந்த நடுவிரலுக்கு ஒரு காப்பு தேவைப்பட்டதில் வியப்பில்லை.

ஊசியும் லேசுப்பட்டதல்ல. ஜப்பானியத் தையல் ஊசிகளுக்கு இரண்டு எண்கள் உண்டு. முதல் எண் துணியைச் சொல்லும்: மூன்று என்றால் பருத்தி, நான்கு என்றால் பட்டு. இரண்டாம் எண் நீளத்தைச் சொல்லும். பட்டுக்கான நாலு-மூன்று ஊசி நாலு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. பிடித்துத் தைக்க அதில் இடமே இருக்காது. தள்ளத்தான் முடியும்.

ஊசியைத் தேடிப் போகிறவருக்குக் கனசாவாவில் ஒரு நல்ல முகவரி இருக்கிறது. ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில், யாசுயே-சோ என்ற பகுதியில் உள்ள மெபோசோ ஹச்சிரோபெய் கடை. 1575இல் தொடங்கியது என்கிறார்கள், மயேதாக்கள் கோட்டைக்கு வருவதற்கும் எட்டு ஆண்டு முன்பு. வட்டக் காதில் நூல் கோர்ப்பது சிரமமாக இருந்த காலத்தில், காதை நீளவாக்கில் அமைத்து எளிதாக்கியதால் கடைக்குப் பெயர் வந்தது. பிரபுவே அந்த ஊசிக்கு மெபோசோ என்ற பெயரை வழங்கினார் என்பது கடையின் வரலாறு.

ஊசி செய்தவர்களே பிறகு தூண்டில் முள்ளும் செய்தார்கள். சண்டையில்லாத எடோ காலத்தில் ககா சாமுராய்களுக்கு ஆற்றில் அயு மீன் பிடிப்பதற்கு அனுமதி இருந்தது. வழுக்குப் பாறைகளில் கால் ஊன்றி நிற்பது உடற்பயிற்சியாகவும் ஆயிற்று. பூச்சியைப் போலத் தோன்றும்படி பறவை இறகைக் கட்டி, அரக்கும் தங்க இலையும் சேர்த்து அவர்களுக்காகச் செய்ததுதான் ககா கெபாரி என்னும் இறகுத் தூண்டில். இன்று அதே கடையில் அதே இறகுகளைக் கொண்டு காதணியும் உடை ஊசியும் செய்து விற்கிறார்கள். மீனுக்குப் போட்ட தூண்டிலில் இப்போது மனிதர்கள் சிக்குகிறார்கள் என்று சொன்னால் கடைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நம்பலாம். கருவியாக இருந்தது நகையாக மாறுவது இந்த ஊருக்குப் புதிதல்ல என்பதற்கு இந்தக் கடையே போதும்.

அங்கிருந்து ஓமிச்சோ சந்தையின் நண்டு, கடல்மீன் இரைச்சலைக் கடந்து கிழக்கே போனால் அசானோ ஆறு வருகிறது. சாயம் போட்ட யூசென் பட்டை இந்த ஆற்றில் அலசும் காட்சி பழைய ஒளிப்படங்களில் ரொம்பப் பிரபலம். இப்போது அந்த வேலை பெரும்பாலும் நகரின் ஓரத்தில் சாயப் பட்டறைகளுக்கென்று கட்டிய செயற்கை வாய்க்காலில் நடக்கிறது. சுற்றுலாப் பயணி ஆற்றங்கரையில் நின்று காத்திருந்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். கென்ரோகுவென் தோட்டத்துக்கு அருகில் உள்ள ககா யூசென் மண்டபத்துக்குப் போனால் துணியை அருகில் நின்று பார்க்கலாம்.

ககா யூசெனின் நிறங்கள் ஐந்து: அவுரி நீலம், அடர்சிவப்பு, காவி மஞ்சள், புல் பச்சை, பழைய காலத்து ஊதா. கியோட்டோவில் செய்யும் யூசெனில் தங்கமும் பூவேலையும் தாராளமாக விளையாடும். தங்கத்துக்கே பேர்போன கனசாவாவில் செய்யும் யூசெனிலோ அவற்றைக் கிட்டத்தட்டத் தொடுவதே இல்லை. ஓவியம் மட்டும்தான். இலை வரைந்தால் வெளி விளிம்பில் நிறத்தை அடர்த்தியாக வைத்து உள்ளே போகப் போக மங்கவிடுவார்கள். சில இலைகளில் பூச்சி அரித்த ஓட்டையையும் வரைந்து வைப்பார்கள். திருமணத்துக்கு உடுத்தும் பட்டில் சொத்தை இலையா என்று கேட்கத் தோன்றும். அதுதான் இந்த ஊரின் ரசனை. யுபினுகியில் ஒரு நிறம் இன்னொன்றில் மங்கி மறைவதைப் பார்த்தால், நாள் முழுக்க இந்தத் துணியை மடியில் போட்டுத் தைத்த கண் அதற்குப் பின்னால் இருக்கிறது என்று எண்ணத் தோன்றுகிறது. நிரூபிக்க முடியாத எண்ணம்தான், ஆனாலும் விட மனம் வரவில்லை.

யூசென் துணியில் படம் வரைந்தவரின் முத்திரை இருக்கும். அதைக் கிமோனோவாகத் தைத்தவரின் பெயர் எங்கேயும் இருக்காது.

நகரின் நடுவில், மினாமி-சோவில் மாரியா என்ற கடை இருக்கிறது. தெமாரி எனப்படும் நூல் பந்துகளுக்கான கடை. உள்ளே கால் வைத்ததும் நிறம் நிறமாகப் பந்துகள். செவ்வந்தி, நட்சத்திரம், சக்கரம் என்று ஒவ்வொன்றின் மேலும் நூலால் ஒரு கணக்கு. கனசாவாவில் கல்யாணமாகிப் போகும் பெண்ணுக்கு அம்மா ஒரு தெமாரி கொடுத்தனுப்பும் வழக்கம் உண்டு. அதற்கு ஒரு கதையும் சொல்வார்கள். 1601இல், பின்னாளில் இரண்டாம் ஷோகன் ஆன தோகுகாவா ஹிதேததாவின் மகள் தமாஹிமே, எடோவிலிருந்து மயேதா வீட்டுக்கு மருமகளாக வந்தாள். வயது மூன்று. வரும்போது கையில் ஒரு நூல் பந்து கொண்டுவந்தாளாம். இரு குடும்பங்களின் அரசியலுக்காக மூன்று வயதுக் குழந்தையை மலை தாண்டி அனுப்பிய கதையில், அந்தப் பந்து ஒன்றுதான் குழந்தைக்குச் சொந்தமான விஷயம். அவள் மூன்றாம் பிரபு தொஷித்சுனேக்கு மனைவியாகி, பல பிள்ளைகளைப் பெற்று, இருபத்துநாலு வயதில் இறந்துபோனாள். அவள் நினைவாகக் கட்டிய தென்தொகுயின் கோயில் இன்றும் நகரில் இருக்கிறது.

தெமாரியும் யுபினுகியும் தொழிலளவில் அக்கா தங்கைகள். இரண்டிலும் நடுவே மெத்தென்ற ஓர் உடல். அதன் மேல் நூலை நீளமாகக் கிடத்தி, திரும்பும் இடங்களில் மட்டும் ஊசியால் சிறிதாகக் கொத்திப் பிடிக்க வேண்டும். தெமாரியின் உலகம் உருண்டை என்றால் யுபினுகியின் உலகம் ஒரு பட்டை, வேறுபாடு அவ்வளவுதான். இந்த இரண்டையும் கனசாவாவில் காத்தவர் என்று சொல்ல வேண்டுமானால் கொய்தே சுயாகோவைத்தான் சொல்ல வேண்டும். வீட்டுக்கு வீடு கிமோனோ தைத்த வழக்கம் தேய்ந்து, தையல் இயந்திரமும் கடையில் விற்கும் உலோக, தோல் வளையங்களும் வந்துவிட்ட பிறகும் அவர் இந்த வேலையைக் கைவிடவில்லை. அவரிடமிருந்து கற்ற பேத்தி ஓனிஷி யுகிகோ, யுபினுகி செய்யும் முறையைப் படிப்படியாக விளக்கும் புத்தகங்களை எழுதினார், வகுப்புகள் நடத்துகிறார். பாட்டி பேத்திக்குச் சொல்லித்தந்த விரல் வேலை, வரைபடமும் குறியும் அம்புக்குறியுமாக அச்சில் ஏறியதும், கனசாவாவைப் பார்த்தேயிராதவர்களும் அதைச் செய்ய முடிந்தது. ஜப்பானிய மொழி தெரியாதவர்கள் படத்தைப் பார்த்தே செய்து பழகியிருக்கிறார்கள்.

செய்வது எப்படி?

முதலில் விரல் அளவு. விரலின் பருமனுக்கு ஏற்ற ஓர் உருளை வேண்டும். பேனாவோ குச்சியோ, அதன் மேல் காகிதம் சுற்றி அளவைச் சரிசெய்துகொள்ளலாம். அதன் மேல் மூலைவெட்டாக வெட்டிய பருத்தித் துணிப் பட்டை ஒரு சுற்று. துணிக்கு மேல், வளையத்தின் அகலத்துக்கு வெட்டிய கனமான காகிதப் பட்டை சில சுற்று. துணியின் இரு ஓரங்களையும் காகிதத்தின் மேல் மடித்து, குறுக்கும் நெடுக்குமாக நூலோட்டி இறுக்கினால் உள்வளையம் தயார். விரலில் படுவது துணி, உருவம் கெடாமல் பிடித்து நிற்பது காகிதம். இதற்கு மேல்தான் மவாதா வருகிறது. நூலாக நூற்க உதவாத பட்டுக்கூடுகளை வேகவைத்து, விரித்து இழுத்துச் செய்த பட்டுப் பஞ்சு அது. கையில் எடுத்தால் எடை தெரியாது. விரலில் சொரசொரப்பு இருந்தால் அங்கேயே ஒட்டிக்கொள்ளும். அதை வளையத்தின் நடுப்பகுதி லேசாகப் புடைத்திருக்கும்படி சுற்றுகிறார்கள்.

இந்தப் பஞ்சுதான் கருவியின் உயிர். மேலே ஓடும் நூல் நெருக்கமாக இருப்பதால் ஊசியின் பின்முனை நூல்களுக்கிடையே ஊன்றிக்கொள்ளும், வழுக்காது. அடியில் பஞ்சு இருப்பதால் அழுத்தம் விரலில் ஓரிடத்தில் மட்டும் இறங்காது. ஆக, மேலே தெரியும் அழகுக்கும் அடியில் நடக்கும் வேலைக்கும் இடையே பிரிவு கிடையாது. நூலை அவ்வளவு நெருக்கமாக ஓட்டியது ஊசிக்காக. நெருக்கமாக ஓட்டியதால் வடிவம் வந்தது. வேலை முடிந்த பிறகு மேலே பூசும் அலங்காரம் என்று இதில் எதுவுமே இல்லை.

அடுத்தது கணக்கு. வளையத்தின் சுற்றளவை எட்டு, பத்து, பன்னிரண்டு என்று சம பங்காகக் குறித்துக்கொள்கிறார்கள். மேல் விளிம்பில் ஒரு குறியில் ஊசி துணியைக் கொத்துகிறது. நூல் பஞ்சின் மேல் சாய்வாக இறங்கி, கீழ் விளிம்பில் அடுத்த குறியில் கொத்துகிறது. திரும்ப மேலே, திரும்பக் கீழே. வளையத்தைச் சுற்றி ஒரு கோணல்மாணல் கோடு. முதல் சுற்று முடிந்ததைப் பார்த்தால் குழந்தை வரைந்த மலைத்தொடர்தான், வேறொன்றும் தெரியாது. இரண்டாம் சுற்றில் ஒவ்வொரு கொத்தும் முந்தைய கொத்துக்கு ஒட்டியே, ஒரு நூல் அகலம் மட்டும் தள்ளி விழ வேண்டும். மூன்றாம் சுற்று இன்னும் ஒரு நூல் தள்ளி. இப்படிப் போய்க்கொண்டே இருந்தால், ஒரு முனையில் புறப்பட்ட நூல்வரிசை பக்கத்து முனை புறப்பட்ட இடத்தில் போய் முட்டும்போது வளையம் நிறைந்துவிடும். பின்னால் வரும் நூல் முன்னால் வந்ததைக் குறுக்கே மூடிக்கொண்டு போவதால், செதிலின் மேல் செதிலாக அடுக்கு விழுகிறது. அடிப்படை வடிவத்துக்குச் செதில் என்றே பெயர். சில சுற்றுக்கு ஒருமுறை நிறத்தை மாற்றினால் பட்டை பட்டையாக வரும்; கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினால் மங்கல் வரும்.

குறிகள் இரட்டைப்படையாக இருந்தால் ஒரு சுற்றிலேயே நூல் புறப்பட்ட இடத்துக்கு வந்துவிடும். ஒற்றைப்படையாக இருந்தால் ஒரு சுற்று முடியும்போது நூல் எதிர் விளிம்பில் நிற்கும். இன்னொரு சுற்று போய், தன் பாதையைத் தானே வெட்டிய பிறகுதான் வீடு திரும்பும். அடுத்த குறிக்குப் போகாமல் ஒன்றைத் தாண்டிப் போகச் சொன்னால் வடிவமே வேறு. பல இடங்களில் ஒரே நேரத்தில் வெவ்வேறு நிற நூல்களைத் தொடங்கி ஒன்றின் மேல் ஒன்றாக நடத்தினால் அம்பிறகும் அலையும் பிறக்கின்றன. வகுத்தல், மீதி, பொதுக் காரணி எல்லாம் இந்த ஒரு சென்டிமீட்டர் பட்டைக்குள் நடக்கின்றன. பழைய தையல்காரிகள் இதைக் கணக்கென்று நினைத்துச் செய்திருக்க வாய்ப்பில்லை. எட்டாகப் பிரித்தால் இது வரும், ஒன்பதாகப் பிரித்தால் அது வரும் என்று விரலுக்குத் தெரிந்திருக்கும்.

கைத்தையலுக்கான மெல்லிய பட்டு நூல்தான் இதற்குத் தோது. அந்த மெல்லிசுதான் தொல்லையும். ஒரு கொத்து அரை நூல் அகலம் பின்தங்கினாலும் அடுத்தடுத்த சுற்றில் அந்தப் பிசகு வளர்ந்துகொண்டே போகும். முனைகள் சந்திக்கும் கடைசிச் சுற்றில், ஒருபுறம் இடம் மீந்து பஞ்சு வெள்ளையாக எட்டிப் பார்க்கும், மறுபுறம் நூல் நெருக்கியடித்து மேடாகும். அதற்குள் நாட்கள் போயிருக்கும். பிரித்து மறுபடி செய்வதா, அந்தப் பக்கத்தை உள்ளங்கைப் பக்கம் திருப்பி மாட்டிக்கொண்டு சமாளிப்பதா என்பது அவரவர் மனசாட்சியைப் பொறுத்தது.

கனசாவாவில் வெயிலை நம்பி யாரும் திட்டம் போடுவதில்லை. சோற்றுப் பொட்டலத்தை மறந்தாலும் குடையை மறக்காதே என்பது இந்த வட்டாரத்துப் பேச்சு. நவம்பரில் கென்ரோகுவென் தோட்டத்தின் பைன் மரங்களுக்குக் கயிறு கட்டத் தொடங்கிவிடுவார்கள், பனியின் பாரத்தில் கிளை முறியாமல் இருக்க. நாகாமாச்சியின் சாமுராய்த் தெருவில் மண் சுவர்களுக்கு வைக்கோல் பாய் போர்த்துவார்கள். ஜப்பான் கடல் பக்கத்திலிருந்து குளிர்காலத்தில் இடி இடித்தால் புரி மீன் வரப்போகிறது என்று சந்தையில் சந்தோஷம். மாதக்கணக்கில் வீட்டுக்குள் உட்கார வைக்கும் இப்படியொரு பருவத்தில், மடியில் வைத்துச் செய்யும் சின்ன வேலைகள் செழித்ததில் ஆச்சரியமில்லை. டிசம்பர் 8 அன்று இந்தக் கடலோர மாநிலங்களில் ஊசிகளுக்கு நன்றி சொல்லும் நாளும் வருகிறது. ஓராண்டு கெட்டித் துணியைக் குத்தி ஓய்ந்த ஊசிகளையும் முறிந்த ஊசிகளையும் தோஃபு போன்ற மெத்தென்ற ஒன்றில் குத்தி வைத்து, அன்று தையலுக்கு விடுப்பு விடுவது பழைய வழக்கம்.

2015 மார்ச்சில் ஷிங்கன்சென் அதிவேக ரயில் கனசாவா வரை நீண்டபோது ஊருக்கு ஒரு புதுக்கூட்டம் வந்து இறங்கியது. டோக்கியோவிலிருந்து இரண்டரை மணி நேரம். 2020இல் தேசியக் கைவினை அருங்காட்சியகமே தலைநகரை விட்டு இங்கே குடிபெயர்ந்தது. அதற்கு முன்பே, 2009இல், கைவினைக்கான படைப்பு நகரம் என்று யுனெஸ்கோ பட்டியலில் கனசாவா சேர்ந்திருந்தது. இத்தனை வெளிச்சமும் விழுந்தபோது, விலையிலும் அளவிலும் பெட்டியில் அடங்கும் சின்னப் பொருள்களுக்கு மவுசு கூடியது. குதானி ஜாடியை விமானத்தில் எடுத்துப் போவது பெரும்பாடு. யுபினுகி மாட்டிய விரலோடு குடியகல்வு வரிசையில் நின்றால் அதிகாரியும் நிமிர்ந்து பார்க்க மாட்டார்.

இன்று இது மோதிரம், கழுத்துச் சங்கிலியில் கோர்க்கும் பதக்கம், சால்வையைச் சேர்த்துப் பிடிக்கும் வளையம். தொழில்முறையில் கிமோனோ தைப்பவர்களில் பலரும் தோல் வளையமோ உலோக வளையமோ போதும் என்று இருந்துவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. நாட்கணக்கில் உட்கார்ந்து செய்த பட்டின் மேல் ஊசியின் காதை ஊன்றி, நூல் பிசிறு எழும்புவதைப் பார்க்க யாருக்குத்தான் மனம் வரும்? அதே சமயம், கருவி நகையாகிவிட்டதே என்று ஒப்பாரி வைப்பதிலும் பொருளில்லை. முதலில் செய்த பெண்களே வெறும் காப்புக்காக இத்தனை நிறம் கோர்த்திருக்க மாட்டார்கள். ஊசியைத் தள்ள ஒரு பழைய தோல் துண்டே போதும். பிறருடைய கல்யாணப் பட்டை நாள் முழுக்கத் தைத்த கையில், தனக்கென்று கொஞ்சம் பட்டு இருக்கட்டும் என்ற ஆசை அதில் தொடக்கத்திலேயே இருந்திருக்கிறது. நகை என்று சொல்ல அவர்களுக்கு உரிமை இருந்ததோ இல்லையோ, அணிந்தது நகையைத்தான்.

அணிகிறவருக்குச் சில கட்டுப்பாடுகள் உண்டு. உள்ளே காகிதம் இருப்பதால் கை கழுவும்போது கழற்ற வேண்டும். பொன் மோதிரம்போல ஆசாரியிடம் கொடுத்து அளவைக் கூட்டிக் குறைக்க முடியாது. அடுத்த விரலுக்கு மாற்றிக்கொள்ளலாம், அவ்வளவுதான். சாயம் வெளுக்கும் என்பதால் சன்னலோர வெயிலில் வைக்கக் கூடாது. முன்புறம் பின்புறம் என்று எதுவும் இல்லாததால் ஒரு பக்கம் தேய்ந்தால் திருப்பிக்கொள்ளலாம்.

செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு வகுப்புகள் உண்டு, வேண்டிய சாமான்கள் அடங்கிய பொட்டலங்களும் கிடைக்கும். அரை நாளில் ஒரு முழு வளையத்தை முடிப்பது புதியவர்களுக்கு நடக்கிற காரியமல்ல. பாதி முடித்ததை ஊசியோடு பொட்டலம் கட்டி எடுத்துக்கொண்டு, மீதியை டோக்கியோ போகும் ரயிலில் பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்புகிறவர்கள் இருக்கிறார்கள். மொத்த வேலையும் உள்ளங்கைக்குள் அடங்குவதால் இருக்கையில் உட்கார்ந்தபடியே செய்யலாம்தான். ஆனால் தொயாமாவைத் தாண்டியதும் சுரங்கப் பாதைகள் வரிசையாக வந்து, சன்னல் வெளிச்சம் போய்ப் போய் வரும். நீலத்துக்கும் கருநீலத்துக்கும் வித்தியாசம் தெரியாமல் நூல் மாறிப்போய், நகானோ வருவதற்குள் பாதிப் பேர் பிரிக்கத் தொடங்கியிருப்பார்கள்.